வீட்டில் வைத்துப் படிக்கவும்

செய்தி வந்தபோது நான் நூலகத்தில் தேதி முத்திரையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணி. கைபேசியில் மாதையன் சாரின் பெயர் வந்தது. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன பிறகும் கதவு திறக்கும் நேரத்துக்கு அவர் அழைப்பது வழக்கம்தான். பேப்பர் வந்துச்சா, ஃபேன் ஓடுதா, ராஜாமணி வந்துச்சா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவார். "பேப்பர் வந்துடுச்சு சார்" என்று நானே முந்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் மனைவியின் குரல் கேட்டது. "சார் இல்லம்மா. விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாருங்க. லைப்ரரி தொறந்திருப்ப, உனக்கு மொதல்ல சொல்லிடலாம்னு தோணுச்சு."

காரிமங்கலம் சந்தைக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள நம் இரண்டு அறை நூலகத்தில் பதினோரு வருடம் அவர் நூலகர், நான் உதவியாளர். வாசகர் வட்ட மலருக்காக இதை எழுதச் சொன்னவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே கேட்டார்கள்: "நாய்ச் சீட்டைப் பத்தி எழுதுவீங்கல்ல?" எழுதாமல் எப்படி? உங்களில் பலருக்கு அவர் முகத்தைவிட அந்தச் சீட்டில் இருக்கும் பென்சில் எழுத்துதான் அதிகப் பழக்கம். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சீட்டுகளை நான் எழுதியதில்லை. அது அவர் வேலை என்று விட்டுவைத்திருந்தேன்; அவரும் புது வரவுகளை வீட்டுக்கு எடுத்துப் போய் எழுதிக் கொடுத்துவந்தார். அவர் போய்விட்டார் என்று கேட்ட கணத்தில் துக்கத்தோடு சேர்ந்து எனக்கு வந்த கேள்வி, இனி அதை யார் எழுதுவது என்பதுதான். அல்பமான கேள்வி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தச் சீட்டு பிறந்த கதையைப் புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ராஜாமணி அம்மாவை எல்லோருக்கும் தெரியும். இரண்டு கறவை மாடு, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, வாரத்துக்கு இரண்டு நாவல். ஒருநாள் வந்து ஒரு புத்தகத்தை மேஜைமேல் போட்டார்.

"என்னா சார் இது? இதுல நாய் சாவுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ராஜாமணியின் வீட்டு நாய் செத்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. தர்மபுரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்திருக்கிறார். கதையில் அந்த இடம் வந்ததும் அடக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுப் பெண், யாரும்மா தவறிட்டாங்க என்று கேட்டிருக்கிறாள்.

"புஸ்தகத்துல நாய் செத்துடுச்சுன்னா சார் சொல்ல முடியும்? சிரிக்க மாட்டாங்களா? வாய்க்கு வந்தது, சித்தப்பான்னு சொல்லிட்டேன். அந்தப் பொம்பளைக்கு எங்க சித்தப்பா ஊர்லதான் பொறந்த வூடாம். சாயங்காலம் நாலு பேரு மாலையோட போய் நிக்கறாங்க. கதவைத் தொறந்ததே சித்தப்பாதான்."

படிக்கும் மேஜையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "அப்பறம் சித்தப்பா என்னா பண்ணாரு?" என்றார்.

"மாலைய வாங்கிக்கினு போய் மாரியம்மனுக்குப் போட்டுட்டாரு. எங்கிட்ட இன்னும் பேசல."

ராஜாமணி போன பிறகு சார் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார். பிறகு சொன்னார்: "நாய்க்குத்தான் அழுவறேன்னு சொல்ல முடியாம, உசுரோட இருக்கற மனுசனைச் சாவடிக்க வேண்டி வந்துடுச்சு பாரும்மா. அழுதது வெக்கமில்ல. அதுக்குப் பொய் சொல்ல வெச்சோமே, அதுதான் வெக்கம்."

அன்று மதியம் தேதிச் சீட்டின் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாளை வெட்டினார். கீழே முதலில் "வீட்டில் வைத்துப் படிக்கவும்" என்று எழுதினார். அதற்கப்புறம்தான் மேலே, "இக்கதையில் நாய் இறந்துவிடுகிறது" என்று எழுதி, அந்தப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டினார். கடைசி வரியை முதலில் எழுதுவது அவர் பழக்கம். மேலே என்ன வரும் என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், கீழே இருப்பது மாறாது என்பார்.

நான் எதிர்த்தேன். கல்லூரியில் இலக்கியம் படித்தவள் என்ற மிதப்பு எனக்கு அப்போது நிறையவே இருந்தது. "முடிவைச் சொல்லிட்டா யார் சார் படிப்பாங்க?" என்றேன்.

"பாப்பம்" என்றார்.

பார்த்தோம். அலமாரியில் நாய் வருகிற கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துச் சீட்டு ஒட்டினார். "நாய் சாகும். கடைசி இரண்டு அத்தியாயத்தில் கவனம்." "நாய் காணாமல் போகும், திரும்பி வந்துவிடும், தைரியமாகப் படிக்கலாம்." ஒன்றில், "நாய்க்கு ஒன்றும் ஆகாது. பூனை வளர்ப்பவர்கள் யோசித்து எடுக்கவும்." வாசகர்கள் அதன் கீழே தாங்களாக எழுத ஆரம்பித்தார்கள். "நானும் அழுதேன்." "என் வீட்டுக்காரர் அழுதார், எழுதாதே என்றார், எழுதிவிட்டேன்." "எங்கள் டைகருக்காக." சீட்டு நிறைந்ததும் அதன் நுனியில் இன்னொரு சீட்டு ஒட்டி மடித்துவைத்தார். மற்ற நாவல்களெல்லாம் தூசி படிய நின்றபோது இந்தப் புத்தகங்கள் மட்டும் அலமாரிக்குத் திரும்ப நேரமில்லாமல் கை மாறிக்கொண்டிருந்தன.

மொரப்பூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பெரிய மீசை, தோளில் துண்டு, நூலகத்துக்குள் அதற்கு முன் கால் வைத்திராதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. மேஜைக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, "நாய் சாவற புஸ்தகம் இங்க இருக்குதாமே?" என்றார். கடலைக் காட்டைக் காவல் காத்த நாயாம், பாம்பு கடித்துவிட்டதாம். அவ்வளவுதான் சொன்னார். சார் ஒரு சிறிய புத்தகமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்து, உள்ளறையில் சுவரைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சார் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "ஸ்டாக் எடுக்கறோம், அரை மணி கழிச்சு வாங்க" என்றார். ஸ்டாக் எடுப்பது வருடத்துக்கு ஒருமுறை. அந்த வருடம் நாங்கள் நாலைந்து முறை எடுத்தோம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். மாதையன் சாருக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் கடிபட்டவர். தெருமுனையில் ஒரு குட்டி படுத்திருந்தால்கூட மொபெட்டைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்கூடத் தெரு வழியாகச் சுற்றி வருவார். பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்காரர் இதை விடவே மாட்டார். "நெசத்து நாயக் கண்டா ஓடறீங்க, கதை நாய்க்குத் துண்டு நனைக்கறீங்க. இது என்னா சார் கணக்கு?" சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கதையிலதான்யா எனக்கு அதுங்கிட்டப் போய் நிக்க முடியுது. தலையைத் தடவிக் குடுக்க முடியுது."

இப்போது என்னைப் பற்றி.

எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு நாய் இருந்தது. பதிமூன்று வருடம். ஒருநாள் இரவு அது செத்தது. மறுநாள் காலை நான் வழக்கம்போல வேலைக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மதியம் சார் ஒரு புத்தகத்தை என் முன்னால் திறந்து வைத்தார். காலையிலிருந்து தேதியைத் திருப்பாமல் முந்தின நாள் தேதியையே குத்திக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். "என்னாச்சும்மா?" என்றார். சொன்னேன். அவர் முத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தார், மறுபடி மேஜையிலேயே வைத்தார். "இன்னிக்கு முழுக்க இதுவே இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரு நாள் கம்மியாவும், அவ்வளவுதான? யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கறேன்." அன்று முழுவதும் எங்கள் நூலகத்தில் கருப்பன் உயிரோடு இருந்த கடைசி நாளின் தேதிதான் ஓடியது.

ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, நான் கேலி செய்த அந்தச் சீட்டுப் புத்தகங்களில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நாய் சாகும் என்று சீட்டில் படித்துவிட்டுத்தான் தொடங்கினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அடுப்பில் சோறு குழைவது தெரியாமல் அழுதேன். முடித்ததும் குற்ற உணர்ச்சியாக இருந்தது. மறுநாள் சாரிடம் கேட்டேன்: "எங்க கருப்பனுக்கு வராத கண்ணீர், யாரோ எழுதின நாய்க்கு வருது. இது துரோகம் இல்லையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க உனக்கு வேலை இருந்துச்சும்மா. குழி வெட்ட ஆள் பாக்கணும், புள்ளைங்களைத் தேத்தணும், வூட்டைக் கழுவி விடணும். கதையில உனக்கு ஒரு வேலையும் இல்ல. அழுவறது மட்டுந்தான். அதான் வந்துச்சு. அது யாருக்கு வந்ததுன்னு உனக்குத் தெரியாதா?"

அந்தச் சீட்டில், மற்றவர்களின் வரிகளுக்குக் கீழே, "கருப்பனுக்காக" என்று எழுதினேன்.

ஒட்டிய சீட்டுகள் ஒரு ஆய்வின்போது அகப்பட்டன. வந்த அதிகாரி கெட்டவர் அல்லர். ஒழுங்கு பார்ப்பவர். "அரசாங்கப் புத்தகத்துல இப்படி ஒட்டறதும் கிறுக்கறதும் எந்த விதியில இருக்கு? கதை முடிவை நூலகரே வெளிய சொல்றது நல்லாவா இருக்கு?" என்றார். அடுத்த முறை வருவதற்குள் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், எழுத்து மூலம் விளக்கமும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சாருக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு மெமோ வாங்காதவர்.

"ஈரத்துணி வெச்சு எடுத்துடும்மா. அட்டை கிழியாம எடு" என்றார்.

எடுக்க உட்கார்ந்தேன். முதல் சீட்டை நனைப்பதற்கு முன் அதில் இருந்ததைப் படித்தேன். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. மீசைக்காரர் எழுதியது ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் எழுத்துபோலக் கோணல் கோணலாக, அவர் நாயின் பெயர் மட்டும். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தேன். "என்னால ஆவாது சார். நீங்க விளக்கம் எழுதுங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். சீட்டு வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான் என்பதை அவர் நினைவுபடுத்தியிருக்கலாம். செய்யவில்லை.

அவர் எழுதிய விளக்கத்தின் நகல் நூலகக் கோப்பில் இருக்கிறது. அதில் ஒரு பத்தியை மட்டும் இங்கே தருகிறேன்: "முடிவு தெரிந்துவிட்டால் வாசகர்கள் எடுக்க மாட்டார்கள் என்று என் உதவியாளரும் கருதினார். ஆனால் எடுக்கிறார்கள். நாய் வளர்க்கிற எவருக்கும் அது தமக்கு முன்னால் போய்விடும் என்பது தெரியும். தெரிந்துதான் குட்டியைத் தூக்கி வருகிறார்கள். எனவே இச்சீட்டுகளால் நூல்களுக்கோ கதைகளுக்கோ சேதம் ஏதும் நேரவில்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

நாயைத் தொட்டே பழகாத மனிதர் எழுதியது இது. இத்தனை வருடம் படித்த எந்த இலக்கியக் கட்டுரையைவிடவும் இந்த அலுவலகக் கடிதத்தை எண்ணித்தான் எனக்குப் பெருமை. அதைத் தட்டச்சு செய்தது நான்.

அதிகாரி மறுமுறை வந்தபோது மெமோ கொண்டு வரவில்லை. "ஒட்டினதை விடுங்க. இனிமே ஒட்டாதீங்க. உள்ள சும்மா வெச்சா அது அடையாளத் தாள். அதுக்கு விதி கிடையாது" என்றார். கிளம்பும்போது சீட்டு உள்ள புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். படித்தார், அழுதார் என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஒட்டாத சீட்டால் வந்த ஒரே விபத்துக்கு நான்தான் பொறுப்பு. புத்தகங்களை அடுக்கும்போது கீழே விழுந்த ஒரு "நாய் சாகும்" சீட்டை, நாய்க்கு ஒன்றுமே ஆகாத ஒரு நாவலுக்குள் வைத்துவிட்டேன். அதை எடுத்துப் போனது, வேறு யார், ராஜாமணிதான். வாரம் இரண்டு நாவல் படிக்கிறவர் அந்த ஒரு புத்தகத்தை இரண்டு தடவை புதுப்பித்தார். "படிக்க முடியல சார், அது துள்ளிக்கினு ஓடறப்பல்லாம் புஸ்தகத்த மூடி வெச்சிடறேன்" என்றார். ஆறாவது வாரம் சந்தை நாளில், பைநிறைய கத்திரிக்காயோடு உள்ளே வந்தவர் வாசலிலிருந்தே சொன்னார்: "சார், பொழச்சுக்கிச்சு."

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரும்மா?" என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"நாய்தான். கடைசிப் பக்கம் வரைக்கும் உசுரோட இருக்குது. சீட்டு பொய்யி."

நான் எழுந்து தப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டேன். ராஜாமணி கத்திரிக்காயை மேஜையில் கொட்டிக்கொண்டே, "நீ ஒண்ணும் வருத்தப்படாத கண்ணு. நான் எத்தனையோ புஸ்தகம் படிச்சிருக்கேன், ஒண்ணுலகூட இந்த மாதிரி சந்தோசப்பட்டதில்ல" என்றார். சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று மாலை என்னிடம், "இந்தத் தப்ப வருசத்துக்கு ஒரு தடவ பண்ணும்மா" என்றார்.

அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். நிழலுக்கு மூன்று தெரு நாய்கள் வாசலிலேயே படுத்திருந்தன. சாராக இருந்தால் பின்பக்கமாகச் சுற்றித்தான் வீட்டுக்குள் போயிருப்பார். யாருக்கும் அவற்றை விரட்டத் தோன்றவில்லை. டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். மொரப்பூர் மீசைக்காரர் வந்திருந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாருக்கும் மறைக்காமல், கூட்டத்தின் நடுவில் நின்று அழுதார். "சித்தப்பாவா?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல ராஜாமணி வருகிறவர்களிடமெல்லாம், "எங்க லைப்ரரி சாரு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவர் மனைவி ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். "உங்க புஸ்தகம் ஒண்ணு இருக்குது. தேதி முடியறதுக்குள்ள குடுத்துடும்மா. தேதி தாண்டுனா அவருக்கு ஆவாது."

பத்து நாளுக்கு முன் சார் எடுத்துப் போன புது வரவு. நாய் வருகிற கதை. "சொல்லிடாதம்மா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் எடுத்துப் போனார். நானும் படித்திருக்கவில்லை. முக்கால் பாகத்தில் ஒரு சீட்டும் துண்டுப் பென்சிலும் இருந்தன. சீட்டின் கீழே "வீட்டில் வைத்துப் படிக்கவும்" என்று எழுதியிருந்தார். மேலே இடம் காலியாக இருந்தது.

மூன்று நாள் கழித்து நூலகத்தைத் திறந்தவுடன், அவர் நிறுத்திய பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பொறுக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் நாய் சாகவில்லை. அதை வளர்த்த மனிதர்தான் போய்விடுகிறார். நாய் அவர் மனைவியோடு இருக்கிறது. விடிந்ததும் அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்ப, அது முன்னால் நடக்கிறது. அவ்வளவுதான் கதை. நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் ராஜாமணியின் குரல் கேட்டது. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்ப உள்ள போவாதீங்க. ஸ்டாக் எடுக்கறாங்க."

பிறகு சாரின் பென்சிலால் அந்தக் காலி இடத்தில் நான் எழுதினேன். அது என் முதல் சீட்டு. இனி வருபவற்றையும் நானே எழுதுவேன். ஆனால் அவர் நினைவாக நான் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது இந்த ஒன்றைத்தான். இருந்தும் அதைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். எடுத்துப் போகிறவர்கள் பார்க்கலாம். மேல் வரி என் எழுத்து, கீழ் வரி அவர் எழுத்து:

"இதில் நாய் சாகாது. ஆனாலும்

வீட்டில் வைத்துப் படிக்கவும்."